தோலைத் தின்னும் நீர்

தியாகராய நகரில் உள்ள ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் பொன்மணி வேலை செய்தாள். அவள் தோளில் ஏறிய புடவை மறுபடி பெட்டிக்குத் திரும்பாது என்று கூட வேலை செய்யும் பெண்கள் சொல்வார்கள். மேசைமேல் விரித்துக் காட்டுவதோடு அவள் நிறுத்த மாட்டாள். நாலு மடிப்பை இடுப்பில் செருகி, முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டு, கண்ணாடி முன்னால் மெதுவாகத் திரும்பி நிற்பாள். கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த குடும்பம் தங்களுக்குள் போட்ட சண்டையை மறந்துவிட்டு அவளையே பார்க்கும்.

அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள். ஆற்றோரக் குடிசைகளை அகற்றியபோது அவளுக்கும் கணவன் செம்பியனுக்கும் பெரும்பாக்கம் அடுக்குமாடியில் ஐந்தாவது மாடியில் வீடு ஒதுக்கினார்கள். செம்பியன் குட்டியானை வண்டியில் சரக்கு ஏற்றிப் போகிறவன். பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை இருவரும் எப்போதோ விட்டிருந்தார்கள். காலையில் அவன் வண்டி போகும் வழியாக இருந்தால் அவளைக் கடை வரைக்கும் கொண்டுவந்து விடுவான். இல்லையென்றால் நெரியும் பேருந்தில் நின்றுகொண்டு வருவாள். கடையிலும் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும்.

நோய் வந்தபோது அது நோய் என்று யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலமானால் லேசான காய்ச்சல். அடிவயிற்றில் வலது பக்கம் இழுத்துப் பிடிக்கும். சோறு பாதியில் நின்றுவிடும். இடுப்பு ஒடுங்கியது. "இன்னாக்கா, டயட்டா? சூப்பரா கீறே" என்றார்கள் கடைப் பெண்கள். புடவை இன்னும் நன்றாக நின்றது. முகூர்த்த மாதம் வந்ததும் விடுப்பு கேட்க மனம் வரவில்லை. ஒரு நாள் பிற்பகல் மாடிப்படியில் இறங்கும்போது வயிற்றுக்குள் ஏதோ கிழிந்தது போலிருந்தது. கைப்பிடியைப் பிடித்தபடியே உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்க முடியவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் அன்றைக்கே வயிற்றைத் திறந்தார்கள். கண் விழித்தபோது வலப்பக்கத்தில் சிவப்பாக, ஈரமாக ஒரு சதை மொட்டு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி வட்டமாக ஒரு தட்டு ஒட்டி, தட்டில் ஒரு பை மாட்டியிருந்தது. பைக்குள் மஞ்சளாக என்னவோ நிறைந்துகொண்டிருந்தது.

அந்த வார்டைப் பார்த்துக்கொண்டவர் ஷண்முகப்ரியா என்ற இளம் டாக்டர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்.

"உங்களுக்குக் குடல்ல டிபி வந்திருக்கு பொன்மணி. அதுல ஓட்டை விழுந்துடுச்சு. கெட்டுப்போன பகுதியை எடுத்துட்டோம். மீதியை உடனே சேர்த்துத் தச்சா பிரிஞ்சுடும். அதனால சிறுகுடலோட முனையை வெளியே கொண்டுவந்து வெச்சிருக்கோம். டிபி மாத்திரை முழுசா முடிங்க. அப்புறம் டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டு உள்ளே சேர்த்துடலாம்."

"அது வரிக்கும்?"

"அது வரைக்கும் எல்லாம் இந்தப் பைலதான்."

செம்பியன் அப்போது நன்றாகத்தான் இருந்தான். நர்ஸ் பையைத் திறந்து கொட்டுவதைப் பக்கத்தில் நின்று கவனித்தான். மறுநாள் "குடுங்க சிஸ்டர், நான் பாத்துக்குறேன்" என்று தானே செய்தான். மூக்கைச் சுளிக்கவில்லை. "கொஞ்ச நாளைக்குத் தானே. வண்டி ஒர்க்‌ஷாப்ல நிக்குதுன்னு நினைச்சிக்க" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். தையல் இழுத்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தோல் எரிய ஆரம்பித்தது. தட்டுக்கும் தோலுக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளியில், பைக்குப் போக வேண்டிய நீர் கசிந்தது. முதலில் சிவந்தது. அப்புறம் தோல் உரிந்து, பச்சைப் புண்ணாகி, சேலை பட்டாலே உயிர் போனது. வேனல் கட்டி என்று நினைத்துத் தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். எண்ணெய்மேல் தட்டு ஒட்டவே இல்லை. எல்லாம் வழிந்தது. ஐந்து மாடி இறங்கி, செம்பியனின் வண்டியிலேயே படுத்தபடி மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஷண்முகப்ரியா குனிந்து புண்ணைப் பார்த்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒரு பொடியைத் தூவி, அதன்மேல் வெள்ளைக் களிம்பைப் பூசினார்.

"டாக்டர், இது இன்னா தண்ணி? ஆசிட்டு மாதிரி கீது."

"ஆசிட் இல்லம்மா, என்சைம். நாம சாப்பிடற கறி, மீன், பருப்பு இதுல இருக்கிற புரதத்தை அறுத்துத் துண்டு துண்டாக்குற பொருள். கணையம்னு ஒரு உறுப்பு அதைச் சுரக்குது. கணையத்துக்குள்ள இருக்கிற வரைக்கும் அது தூங்கிட்டிருக்கும். அங்கேயே முழிச்சிட்டா கணையத்தையே தின்னுடும். குடலுக்கு வந்த பிறகுதான் முழிக்கும். குடலுக்குள்ள வழவழன்னு ஒரு பூச்சு இருக்கு, அது குடலைக் காப்பாத்திடும். பெருங்குடலைத் தாண்டறதுக்குள்ள அதோட வேகமும் அடங்கிடும். உங்களுக்கு அதுக்கு முன்னாடியே வெளியே வந்துடுது. வெளித்தோல்ல அந்தப் பூச்சு கிடையாது."

"அப்போ சோத்தைத் தின்ற தண்ணி என்னியத் தின்னுது."

"அதுக்கு ஆட்டுக்கறிக்கும் உங்க தோலுக்கும் வித்தியாசம் தெரியாது."

பொன்மணி யோசித்தாள். "ஆபரேஷன் முடிஞ்சதும் வீக்கத்துக்கு ஒரு மாத்திரை குடுத்தீங்களே. அதும் என்சைம்னு தானே சொன்னீங்க?"

"ஆமா. அதுவும் அந்த வகைதான்."

"என்னியத் தின்னுக்கினு கீறதையே மாத்திரையாவும் குடுத்தீங்களா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொன்மணி சிரிக்கவில்லை. ஆனால் பக்கத்து பெஞ்சில் முறைக்குக் காத்திருந்த ஒருத்தி உரக்கச் சிரித்தாள். வெற்றிலை போட்ட வாய், கழுத்தில் கெட்டியான கவரிங் சங்கிலி. பெயர் முனியம்மாள். நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிறவள். பெருங்குடலில் கட்டி வந்து வெட்டி எடுத்திருந்தார்கள். அந்தத் தையல் ஆறும் வரைக்கும் அவளுக்கும் வலப்பக்கத்தில் பை.

"கேளும்மே," என்றாள் முனியம்மாள், "மத்தி மீன் தெரியுமில்ல? வயித்த ரொப்பிக்கினு வர்ற மத்தியப் புடிச்சி ஐஸ் போடாத வச்சிரு. உள்ள கீற குடலே அதோட வயித்தக் கரைச்சி, தானா வெடிச்சிக்கும். நாங்க அத்த எட்டணாவுக்கும் வாங்க மாட்டோம். இப்போ நீயும் நானும் அந்த மத்தி தான்."

அன்றிலிருந்து இருவரும் ஒரே கிழமையில் ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தார்கள். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஒருத்திக்குப் பை கிடைக்காத வாரம் மற்றவள் தன்னிடம் இருப்பதைக் கொடுப்பாள். டீக்கடைக்குப் போகும்போது ஒருத்தி முன்னால் நடக்க, பின்னால் வருகிறவள் சேலையில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்வாள். வேறு யாரிடமும் பேச முடியாததை எல்லாம் பேசினார்கள். சோறு தின்றால் கட்டியாக வரும், கீரை தின்றால் பச்சையாக அப்படியே வரும் என்பதைக் கூடச் சொல்லிச் சிரித்தார்கள். பொன்மணி அந்த நாட்களில் சிரித்தது அங்கே மட்டும்தான்.

"மார்க்கெட்ல யாருக்கும் தெரியாது பொன்னு," என்றாள் முனியம்மாள் ஒரு நாள். "பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு கீறோம். அம்மாக்காரி வயித்துல பை கட்டிக்கினு கீறான்னு தெரிஞ்சா, பொண்ணுக்கும் அந்த வியாதி வரும்னு எழுந்து போய்டுவாங்க."

உடம்பு கொஞ்சம் தேறியதும் பொன்மணி வேலைக்குத் திரும்பினாள். பட்டுப் பிரிவின் சூப்பர்வைசர் நிரஞ்சன் அவளைவிடச் சின்னவன், மரியாதை தெரிந்தவன். "உடம்பு முடியலைன்னா சொல்லுங்கக்கா, உக்காந்துக்கலாம்" என்றான். பையைப் பற்றி அவனிடம் அவள் சொல்லவில்லை. வயிற்றில் ஆபரேஷன் என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

பை நிறையக் கூடாது என்பதற்காகக் காலையிலும் மதியமும் சாப்பிடுவதை நிறுத்தினாள். அது வேறு விதமாகத் திருப்பியடித்தது. சோறு இல்லாத வயிற்றிலிருந்து வந்த நீர் தண்ணீராக, இன்னும் காரமாக வந்தது. ஷண்முகப்ரியா திட்டினார். "நீங்க பட்டினி கெடந்தா அது சும்மா இருக்காது. தின்ன ஒண்ணும் இல்லாம வெளியே வரும்." பொன்மணி தலையாட்டினாள். மறுநாளும் பட்டினியாகத்தான் கடைக்குப் போனாள்.

வைகாசி முகூர்த்தத்துக்காகக் கடை நிரம்பி வழிந்த ஒரு நாள், அசோக் நகரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கல்யாணப் பெண் பெயர் பூஜா. எதைக் காட்டினாலும் "இது இல்ல" என்றாள். கடைசியில் பொன்மணி அடுக்கின் அடியிலிருந்து அரக்குச் சிவப்பில் ஒரு புடவையை உருவினாள். புடவை முழுக்கச் சின்னச் சின்ன ஜரிகைப் புட்டா. மடிப்பை இடுப்பில் செருகி, முந்தானையைத் தோளில் விட்டுக் கண்ணாடி முன்னால் திரும்பினாள்.

"அம்மா, இதுதான்!" என்றாள் பூஜா.

அந்த நேரத்தில்தான் வலது இடுப்பில் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது. பொன்மணிக்குப் புரிந்துவிட்டது. புடவையை உருவ வேண்டும், ஆனால் உருவினால் தெரியும். அப்படியே நின்றாள். அரக்குப் பட்டில் ஒரு கருமை மெல்ல இறங்கியது. பெண்ணின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினார். பூஜா தாழ்ந்த குரலில் "பரவால்லக்கா" என்றாள். பிறகு அந்தக் குடும்பம் அடுத்த மேசைக்குப் போனது.

பொன்மணி புடவையைச் சுருட்டிக்கொண்டு ஊழியர்கள் கழிவறைக்கு ஓடினாள். தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் முன் புடவையைக் கவனித்தாள். துப்புரவுப் பெண்கள் வைத்திருந்த பக்கெட்டில் வெந்நீர் பிடித்து, கறை போக்கும் சலவைத்தூளை அள்ளிப் போட்டு, கறை பட்ட பகுதியை ஊறவைத்தாள். ரத்தக்கறை, பால்கறை எல்லாம் போகும் என்று அந்த டப்பாவில் போட்டிருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் இருந்ததை அவள் படிக்கவில்லை. நிரஞ்சன் தேடி வருவதற்குள் நேரம் நிறையப் போயிருந்தது. கறை போயிருந்தது. ஆனால் ஊறிய இடத்தில் பட்டின் மினுமினுப்பும் போயிருந்தது. சாயம் வெளுத்து, சொரசொரவென்று, கோணித்துணி போல நின்றது.

நிரஞ்சன் அதை விரல்களால் தடவிப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான்.

"என்னக்கா ஆச்சு?"

அவள் சொன்னாள். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே தரையைப் பார்த்தான்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா மேல நிக்க வுட்டிருப்பியா நைனா?"

அவன் புடவையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் அவளைக் கீழ்த்தளச் சரக்கறைக்கு மாற்றினார்கள். வேலையை விட்டு நிறுத்தவில்லை, அதற்கு நிரஞ்சன்தான் பேசியிருக்க வேண்டும். மூட்டை பிரித்து, புடவைகளுக்கு விலைச் சீட்டு ஒட்டி, மேலே அனுப்புகிற வேலை. அங்கே ஜன்னல் கிடையாது. கண்ணாடியும் கிடையாது. உட்கார ஒரு ஸ்டூல் மட்டும் கிடைத்தது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது புடவைக் கதையை டாக்டரிடம் சொன்னாள். ஷண்முகப்ரியா எழுதிக்கொண்டே, "ஐயோ, பட்டுக்கு அந்தத் தூளைப் போடலாமா? அதுலயும் என்சைம்தான். ரத்தம், பால், வியர்வை எல்லாம் புரதக் கறை, அதைத் தின்னத்தான் போடறாங்க. பட்டும் புரதம்தானே, புழு வாயிலேர்ந்து வர்றது" என்று சுவாரசியமாகச் சொல்ல ஆரம்பித்தார். தலை நிமிர்ந்து பொன்மணியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "சரி, புண்ணைக் காட்டுங்க" என்றார்.

வீட்டில் செம்பியன் மாறிக்கொண்டிருந்தான். அவன் கடிந்து எதுவும் பேசவில்லை. ஒரு முறை தூக்கத்தில் பை பிரிந்து இருவர் மேலும் வழிந்தது. அவன் எழுந்து குளித்துவிட்டு வந்து, பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனான். அப்புறம் ஹாலிலேயே படுத்தான். லிஃப்ட் ஓடாத நாட்களில் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து வைப்பான். "சாப்டியா?", "மாத்திரை போட்டியா?" என்று கேட்பான். விருந்தாளியிடம் கேட்பது போல இருக்கும். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் ஆசையோடு கேட்டான்.

"எப்போ வயித்த மூடுவாங்களாம்?"

"மாத்திரை முடியட்டும்னு சொல்றாங்க மாமா."

மாத்திரை முடிந்தது. அதற்கு முன்பே முனியம்மாளுக்குக் குடலை உள்ளே சேர்த்து வயிற்றை மூடிவிட்டார்கள். ஆபரேஷனுக்குப் போகுமுன் தன்னிடம் மிச்சமிருந்த பைகளை எல்லாம் பொன்மணியின் மடியில் வைத்துவிட்டு, "அடுத்து நீ தான்மே. வந்து மார்க்கெட்ல பாரு, நல்ல வஞ்சிரமா எடுத்துத் தர்றேன், ரெண்டு பேரும் வயிறு முட்டத் தின்னலாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். போன் நம்பர் கொடுத்திருந்தாள். பிறகு கூப்பிட்டபோது மணி அடித்தது. எடுக்கவில்லை.

பொன்மணியின் குடலுக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். பெரிய டாக்டர் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு ஷண்முகப்ரியாவிடம் ஆங்கிலத்தில் பேசினார். அவர் போன பிறகு ஷண்முகப்ரியா நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்ததுமே பொன்மணிக்குத் தெரிந்துவிட்டது.

"டிபி குணமாயிடுச்சு பொன்மணி. அது நல்ல சேதி. ஆனா ஆறின இடமெல்லாம் தழும்பாகிச் சுருங்கிப் போயிருக்கு. கீழே இருக்கிற குடல்ல நிறைய இடத்துல வழி அடைச்சிருக்கு. அதையெல்லாம் வெட்டி எடுத்தா மிஞ்சறது போதாது. சேர்க்க முடியாது."

"எப்போதுமேவா?"

"எப்போதுமே."

"இந்தத் தண்ணி இப்படியேதான் வருமா?"

"வரும். அது வந்தாதான் நீங்க சாப்பிடறது செரிக்கும். அது இல்லாம உயிர் வாழ முடியாது."

அன்று அவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. செம்பியனிடம் சொல்லும் முன் யாரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. நொச்சிக்குப்பத்துக்கு பஸ் ஏறினாள். மீன் மார்க்கெட்டில் முனியம்மாளைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, குரலே காட்டிக்கொடுத்தது. சதை பிடித்து நன்றாக இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் பட்டுக்கரை வேட்டி கட்டிய ஒருவரும், அவர் மனைவி போலிருந்த ஒரு அம்மாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்து கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி வீட்டார் என்று பார்த்தாலே தெரிந்தது.

"முனிம்மா," என்றாள் பொன்மணி.

முனியம்மாள் நிமிர்ந்தாள். கண்ணில் ஒரு கணம் சந்தோஷம் வந்தது. உடனே அது போய்விட்டது.

"இன்னாம்மா வேணும்? சங்கரா கீது, வஞ்சிரம் கீது."

"யாரு, தெரிஞ்சவங்களா?" என்றார் சம்பந்தி அம்மா.

"இல்லங்க. அப்பப்போ வாங்க வர்றவங்க."

பொன்மணி நின்றாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் தான் இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்போம் என்று தோன்றியது. அதுதான் இன்னும் வலித்தது.

"சங்கரா குடும்மா," என்றாள்.

முனியம்மாள் மீனை எடுத்து வயிற்றைக் கீறிக் குடலை உருவிப் போட்டுக் கழுவினாள். கை வேகமாக வேலை செய்தது. முகம் நிமிரவே இல்லை. பையை நீட்டும்போது அவள் விரல்கள் பொன்மணியின் விரல்களை ஒரு முறை அழுத்தின. அவ்வளவுதான். பொன்மணி வந்துவிட்டாள்.

வீட்டில் சொன்னாள். செம்பியன் சோற்றில் கை வைத்தபடி கேட்டான். பிறகு தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "சரி. இன்னா பண்ண முடியும்" என்றான். மூடுவது பற்றி அதன் பிறகு அவன் கேட்கவே இல்லை.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பொன்மணி இன்னும் அதே கடையின் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறாள். புண் சில மாதம் ஆறும், கோடை வந்து வியர்த்தால் தட்டு இளகி மறுபடி கிளம்பும்.

போன ஞாயிற்றுக்கிழமை சைதாப்பேட்டையில் செம்பியனின் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். அவன் மட்டும் போனான். அவளுக்குக் கடையில் டியூட்டி என்று சொல்லிவிடுவதாக அவனே சொன்னான். அவள் அவன் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள்.

அவன் போன பிறகு கதவைத் தாழ்போட்டு, தரையில் பழைய துணி விரித்து, தட்டைக் கழற்றிவிட்டு ஜன்னலோரம் படுத்தாள். எப்போதாவது காற்று பட்டால்தான் தோல் ஆறும். சதை மொட்டைச் சுற்றித் தோல் கறுத்து, நடுவில் திட்டுத்திட்டாகச் சிவந்து ஈரமாக இருந்தது. மேல் வீட்டில் குழந்தைகள் ஓடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கண்ணயர்ந்திருப்பாள்.

கீழே குட்டியானை வந்து நிற்கிற சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்தாள். அவன் சீக்கிரம் வந்துவிட்டான். அவசரமாகத் துடைத்து, பொடி தூவி, புதுத் தட்டை ஒட்டினாள். தோல் இன்னும் காயவில்லை. இது நிற்காது என்று அவளுக்குத் தெரிந்தது. சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.

செம்பியன் ஒரு பார்சலை நீட்டினான். "பிரியாணி. உனக்குன்னு அண்ணி குடுத்தாங்க. சூடா கீது, துன்னு."

"வைங்க மாமா. அப்புறம் துன்றேன்."

அவன் ஹாலில் டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அவள் உள்ளறைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வயிற்றில் ஒட்டிய தட்டின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். கைச்சூட்டில் பசை இளகி ஒட்ட வேண்டும்.